நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸுக்கு வந்த பிறகுதான் நான் மான் வேட்டை பழகினேன். அப்புறம் நமீபியாவுக்கு இரண்டு தடவையும் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு தடவையும் போய் வந்தேன். போய் வந்ததிலிருந்து வேட்டைக்காரர்கள், வேட்டை என்றாலே முகம் சுளிப்பவர்கள் என்று எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. அமெரிக்காவிலிருந்து முதல் தடவையாக ஆப்பிரிக்கா கிளம்புகிறவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதல் தடவைக்கு எந்த நாடு?

நமீபியா. யோசிக்காமல் சொல்வேன். கென்யாவில் 1977லேயே வேட்டைக்குத் தடை வந்துவிட்டது. போட்ஸ்வானா 2014ல் தடை போட்டு 2019ல் எடுத்தது. அங்கே யானைதான் பேச்சு. தான்சானியா, ஜாம்பியா எல்லாம் எருமைக்கும் சிறுத்தைக்கும் போகிறவர்களுக்கு. நாளும் அதிகம், பணமும் அதிகம். நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ‘பிளெயின்ஸ் கேம்’ என்பார்கள். குடு, ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக், இம்பாலா மாதிரி மான் வகைகள், வரிக்குதிரை, வார்ட்ஹாக் எனும் காட்டுப்பன்றி எல்லாம் அதில் அடக்கம். முதல் பயணத்துக்கு இவையே போதும். யானை, சிங்கம் என்று ஆசைப்படுகிறவர் முதலில் ஒரு ஓரிக்ஸை ஒழுங்காக அடித்துக் காட்டட்டும்.

வேடிக்கை என்னவென்றால், கிண்டியிலும் கோடியக்கரையிலும் நாம் கம்பிக்கு வெளியே நின்று பார்த்த வெளிமான், நம்மூர்ப் புள்ளிமான், நீலான் மூன்றும் டெக்சாஸ் பண்ணைகளில் காசுக்கு வேட்டையாடக் கிடைக்கின்றன. அந்த வேட்டையையே பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் போகலாம்?

நமீபியாவில் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை வேட்டைக் காலம். நான் மே முதல் ஆகஸ்ட் வரைதான் சொல்வேன். அங்கே அப்போது குளிர்காலம். மழை கிடையாது, இலை உதிர்ந்து புதர் வெளுத்திருக்கும், மிருகம் தண்ணீரைத் தேடி வரும். ஒரு வருஷம் முன்னாலேயே பதிவு செய்யுங்கள். நல்ல ஆட்களிடம் ஜூன், ஜூலை சீக்கிரம் நிரம்பிவிடும்.

நாமாகப் போய், வண்டி எடுத்துக்கொண்டு, நாமாக வேட்டையாட முடியாதா?

முடியாது. வெளிநாட்டவர் பதிவு பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவரோடுதான் வேட்டையாட வேண்டும். அவரை எல்லோரும் ‘பிஎச்’ என்றே சொல்வார்கள். நமீபியாவில் உங்கள் பெயரில் அனுமதிச் சீட்டு வாங்குவது அவர் தரப்பு வேலை. ஒரு சீட்டில் ஓர் இனத்துக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. காட்டுக்குள் அவர் சொல்வதுதான் சட்டம். ‘வேண்டாம்’ என்றால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

இரண்டு கணக்கு உண்டு. ஒன்று தினக் கட்டணம்: தங்கல், சாப்பாடு, பிஎச், வண்டி, தடம் பார்ப்பவர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 முதல் 500 டாலர். இன்னொன்று மிருகத்துக்கு மிருகம் விலை. ஸ்பிரிங்பாக் சில நூறு டாலரில் முடியும், ஓரிக்ஸ் அதைவிடக் கொஞ்சம் கூட, குடு என்றால் ஆயிரங்களில் பேச வேண்டும். பண்ணைக்குப் பண்ணை மாறும். எருமை தனி உலகம். அது மட்டுமே பத்தாயிரத்தைத் தாண்டும்.

பலர் கோட்டை விடுவது இதற்கப்புறம். விமான டிக்கெட், டிப்ஸ், 15 சதவீத வாட் வரி, தோலுக்கு உப்பு போட்டு மருந்தில் முக்கிப் பெட்டி கட்டுவது, கப்பலோ விமானமோ ஏற்றுவது, இங்கே வந்ததும் பாடம் செய்வது. ஒரு தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டி முடிப்பதற்குள் அந்த மிருகத்துக்குக் கொடுத்த விலையையே இன்னொரு தடவை கொடுத்திருப்பீர்கள். பட்ஜெட் போடும்போதே எதைக் கொண்டுவரப் போகிறோம், எதை வெறும் போட்டோவோடு விடப் போகிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு விதி. ஒரு சொட்டு ரத்தம் விழுந்துவிட்டால் முழு விலை. மிருகம் கிடைத்தாலும் சரி, ஓடிப்போனாலும் சரி. ஒப்பந்தத்தில் இந்த வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். பயிற்சி பற்றி நான் கீழே இவ்வளவு நீட்டி எழுதியிருப்பதற்குக் காரணமும் இந்த ஒரு வரிதான்.

நல்ல நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அட்லாண்டாவிலும் (2024 வரை டல்லாஸில்) நாஷ்வில்லிலும் வருஷா வருஷம் பெரிய வேட்டைக் கண்காட்சிகள் நடக்கின்றன. ஜெர்மனியில் டோர்ட்முண்டில் நடக்கிறது. நேரில் உட்கார்ந்து பேசுங்கள். நமீபியாவில் 1974 முதல் இருக்கும் நாஃபா என்ற தொழில்முறை வேட்டைச் சங்கத்தில் அவர் உறுப்பினரா என்று பாருங்கள். பண்ணை எத்தனை ஹெக்டேர், உயரவேலி போட்டதா திறந்ததா, ஒரே வாரத்தில் எத்தனை பேரை வைத்து நடத்துகிறார் என்று கேளுங்கள்.

பழைய வாடிக்கையாளர் பெயர்கள் கொடுப்பார்கள். அதில் வெறுங்கையோடு திரும்பியவர் ஒருவரின் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். பெரிய கொம்போடு வந்தவர் எல்லாவற்றையும் புகழ்வார். வெறுங்கையோடு வந்தவரும் ‘மறுபடி போவேன்’ என்றால் அந்த இடம் சரி. என் முதல் பயணத்தில் விமான நிலையத்திலிருந்து பண்ணைக்கு வண்டி ‘எல்லாம் அடக்கம்’ என்று வாய்வார்த்தையில் சொன்னார்கள். கடைசி நாள் பில்லில் அது தனி வரியாக வந்தது. காகிதத்தில் இல்லாதது எதுவும் அடக்கமில்லை.

சொந்தத் துப்பாக்கியா, அங்கே வாடகைக்கா?

முதல் பயணம் என்றால் வாடகைக்கு எடுங்கள் என்பது என் கட்சி. பண்ணைகளில் நல்ல ரைஃபிள்கள், பல இடங்களில் சைலன்சரோடு, சிறு தினவாடகைக்குக் கிடைக்கின்றன. அடுத்த கேள்வியில் வரும் தலைவலி அத்தனையும் மிச்சம். ஆனால் இடக்கைக்காரர் என்றாலோ, தன் துப்பாக்கி தவிர வேறெதிலும் கை நிற்காது என்பவர் என்றாலோ, கொண்டுபோகத்தான் வேண்டும்.

கொண்டுபோகிறேன் என்றால் காகிதங்கள் என்னென்ன?

அமெரிக்காவில் முதல் வேலை 4457 என்ற சுங்கப் படிவம். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் பெட்டியில் வைத்துச் சுங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், வரிசை எண்ணைச் சரிபார்த்து முத்திரை போட்டுக் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது ‘இது இங்கிருந்து போனதுதான்’ என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஆப்பிரிக்கப் போலீஸும் அதையே உரிமைச் சான்றாகக் கேட்கும். முதல் தடவை நான் கிறுக்கிய 8, பார்ப்பதற்கு ஆங்கில பி மாதிரி இருந்தது. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் ராத்திரி பத்து மணிக்குக் கவனித்தேன். மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டு மறுபடி போய் வாங்கினேன். கவுண்டரை விட்டு நகரும் முன் துப்பாக்கியின் எண்ணையும் படிவத்தின் எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

நமீபியாவில் வேலை சுலபம். விண்ட்ஹுக் ஹோசியா குடாகோ விமான நிலையத்தில் போலீஸ் மேஜையில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், துப்பாக்கியையும் தோட்டாவையும் பார்த்து அனுமதி தருவார்கள். ஒரு துப்பாக்கிக்கு 100 தோட்டா வரை. தோட்டா அந்தத் துப்பாக்கியின் காலிபருக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். கைத்துப்பாக்கிக்கும் செமி ஆட்டோமேட்டிக்குக்கும் இடமில்லை. தென்னாப்பிரிக்காவில் சாப்ஸ் 520 என்ற படிவம், அதோடு பாஸ்போர்ட் நகல், திரும்பும் டிக்கெட், வேட்டை நிறுவனத்தின் அழைப்புக் கடிதம் என்று ஒரு கட்டு. கருப்பு மையில் நிரப்புங்கள். கையெழுத்தை வீட்டில் போட்டுவிடாதீர்கள். அதிகாரியின் கண்ணெதிரில் போட வேண்டும்.

மாட்டிக்கொள்வது வழியில்தான். அட்லாண்டாவிலிருந்தோ நியூவார்க்கிலிருந்தோ ஜோகன்னஸ்பர்க் போய், அங்கே விமானம் மாறி விண்ட்ஹுக் போகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருந்து, துப்பாக்கிப் பெட்டி நேராக விண்ட்ஹுக் வரை பதிவாகியிருந்தால் தென்னாப்பிரிக்காவில் எந்தக் காகிதமும் வேண்டாம். நூறு டாலர் மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால், ஜோகன்னஸ்பர்கில் பெட்டியை நீங்களே எடுக்க வேண்டிவரும். எடுத்த நிமிஷம் தென்னாப்பிரிக்க அனுமதி இல்லாமல் அந்நாட்டுக்குள் துப்பாக்கியோடு நிற்கிறீர்கள். ஐரோப்பா வழியாகப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் விமானம் மாறுவதற்கே தனி அனுமதி வேண்டியிருக்கும்.

தோட்டா ஓர் ஆளுக்கு 5 கிலோ வரை, தயாரிப்பாளரின் அட்டைப்பெட்டியிலேயே. துப்பாக்கியிருக்கும் பெட்டியில் அதை வைக்கக்கூடாது என்று சில விமான நிறுவனங்கள் சொல்லும். அதனால் பூட்டுப் போட்ட தனிச் சிறு பெட்டியாக வைத்துவிடுங்கள். இரவில் பார்க்கும் தெர்மல் கருவிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து அவற்றை வெளியே கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் கேட்பார்கள்.

விசா?

2025 ஏப்ரல் 1 முதல் அமெரிக்க, பிரிட்டிஷ், கனடிய பாஸ்போர்ட்காரர்களுக்கும் நமீபியா விசா கேட்கிறது. முன்னால் சும்மா போய் வந்த நண்பர் சொன்னதைக் கேட்டுக் கிளம்பிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதக் கெடுவும் சில வெற்றுப் பக்கங்களும் வேண்டும்.

எந்த ரைஃபிள் போதும்?

நமீபியா இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. குழல்முனையில் தோட்டாவின் ஆற்றல் ஸ்பிரிங்பாக் அளவு மிருகத்துக்கு 1,350 ஜூல், குடு, ஓரிக்ஸ் அளவுக்கு 2,700, எருமை, யானைக்கு 5,400. டெக்சாஸில் பையன்களுக்கு மான் அடிக்கக் கொடுக்கும் .243 வின்செஸ்டர் அந்த 2,700ஐ மயிரிழையில் தவற விடும். 30-06 தாராளமாகத் தாண்டும், 6.5 கிரீட்மூரும் தாண்டும். என்னுடையது சாதாரண 30-06, 180 கிரெய்ன் குண்டு. தோளெலும்பை உடைத்தும் சிதறாமல் உள்ளே போகும் பாண்டட் வகைக் குண்டாக வாங்குங்கள். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடும் .300 மேக்னத்தை விட, பயமில்லாமல் சுடும் 30-06 எவ்வளவோ மேல்.

எப்படிப் பழகுவது? நான் ரேஞ்சில் நன்றாகத்தான் சுடுகிறேன்.

மேஜையில் மணல்மூட்டை வைத்து உட்கார்ந்து சுடுகிறீர்கள். ஆப்பிரிக்காவில் மேஜை கிடையாது. அங்கே நடப்பது இது: நீங்கள் பிஎச் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நடக்கிறீர்கள். திடீரென்று அவர் நிற்கிறார், மூன்று கால் கம்பை விரித்து உங்கள் முன்னால் நடுகிறார், ‘இடமிருந்து இரண்டாவது’ என்று கிசுகிசுக்கிறார். நின்றபடி, மூச்சு வாங்க, கம்பின் கவட்டையில் துப்பாக்கியை வைத்துச் சுட வேண்டும். எட்டு வினாடி, பத்து வினாடி. அதற்குள் மிருகம் நின்றால் உங்கள் அதிர்ஷ்டம்.

அதனால் அந்த மூன்று கால் கம்பை இப்போதே வாங்கிவிடுங்கள். கிளம்புவதற்கு மூன்று நான்கு மாதம் முன்னாலிருந்து ரேஞ்சில் மேஜைப் பக்கமே போகாதீர்கள். நின்று, கம்பில் வைத்து, 100 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் பத்துக்குப் பத்து விழும் வரை பழகுங்கள். அப்புறம் 150, அப்புறம் 200. நடுநடுவே ஐம்பது கெஜம் ஓடி வந்து, மூச்சிரைக்க சுட்டுப் பாருங்கள். அன்றைக்குத்தான் உங்கள் உண்மையான தூரம் எது என்று தெரியும். என்னுடையது 180 என்று தெரிந்தது. பிஎச்சிடம் முதல் நாளே அதைச் சொன்னேன், அதற்கு மேல் அவரும் கம்பை விரிக்கவில்லை. வீட்டில் தினமும் பத்து நிமிஷம், தோட்டா இல்லாமல், கம்பை விரித்துத் துப்பாக்கியை ஏற்றி இறக்கிப் பழகினாலே பாதி வேலை முடிந்தது. தோட்டா இல்லை என்று மூன்று தடவை பார்த்துவிட்டு, சரியா.

குறி எங்கே?

இங்கே வெள்ளைவால் மானுக்குத் தோளுக்குப் பின்னால் அடித்துப் பழகிய கை, அங்கே காலை வாரிவிடும். ஆப்பிரிக்க மான் வகைகளுக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், முன்னங்கால்களுக்கு நடுவே தாழ்ந்து இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நடுக்கோட்டைப் பிடித்து மேலே போய், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில் வையுங்கள். சுட்டதும் தலை தூக்கிப் பார்க்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். மிருகம் நின்றுகொண்டிருக்கும் வரை சுட வேண்டும்.

அடிபட்டு ஓடிவிட்டால்?

எனக்கு நடந்தது. முதல் பயணம், மூன்றாம் நாள், ஓரிக்ஸ், 160 மீட்டர். பழகிய தூரம்தான். கூட்டம் நகரப்போகிறதே என்று அவசரப்பட்டு, பழைய பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் வைத்தேன். சத்தம் கேட்டது, மிருகம் முதுகை வளைத்து ஓடியது. பிஎச் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு அரைமணி நேரம் உட்கார வைத்தார். உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடும்.

தடம் பார்க்க வந்தவர் டமாரா இனத்துப் பெரியவர் ஒருவர். கையில் காய்ந்த புல்தண்டு ஒன்று. குனிந்து நடப்பார், நிற்பார், புல்நுனியால் ஓர் இலையைத் தொடுவார். பார்த்தால் மிளகளவு ரத்தம். முதல் சொட்டைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நுரையீரல் ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும். இது கருத்த சிவப்பு, ஈரல். நான்கு மணி நேரம். நடுவில் ரத்தமே நின்றுவிட்டது. பல கூட்டங்களின் குளம்படிகளுக்கு நடுவே அந்த ஒன்றை மட்டும் அவர் எப்படிப் பிரித்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. முள்புதர் நிழலில் படுத்திருந்தது. முன்பக்கமாக நெருங்க என்னை விடவில்லை. அடிபட்ட ஓரிக்ஸின் கொம்பு ஈட்டிதான். பின்பக்கமாகச் சுற்றிப் போய் முடித்தேன். பெரியவர் கையை மணலில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். அன்று சாயங்காலம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாள் ஒரு நல்ல குடு, 220 மீட்டரில், காற்று குறுக்கே. வேண்டாம் என்று கம்பிலிருந்து துப்பாக்கியை எடுத்தேன். அதற்குத்தான் பிஎச் முதல் தடவையாக என் முதுகில் தட்டினார்.

உடை, செருப்பு?

காக்கி அல்லது ஆலிவ் பச்சை, மூன்று செட் போதும். பண்ணையில் தினமும் துவைத்து இஸ்திரி போட்டுத் தருவார்கள். ராணுவப் புள்ளி போட்ட உடை வேண்டாம். ஜிம்பாப்வே மாதிரி சில நாடுகளில் பொதுமக்கள் அதைப் போடுவதே குற்றம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஜூலையில் விடிகாலை திறந்த வண்டியில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருப்பார்கள். குல்லாவும் கையுறையும் கட்டாயம். பூட்ஸை இரண்டு மாதம் முன்னால் வாங்கி, அதிலேயே கடைக்குப் போய் வாருங்கள். புதுச் செருப்பு கடிக்கும் என்பது நமக்குத் தெரியாததா. விண்ட்ஹுக் சுற்றுவட்டாரம் 1,600 மீட்டருக்கு மேலான மேட்டுநிலம், நாளைக்குப் பத்து கிலோமீட்டர் நடப்பது சர்வ சாதாரணம்.

மருந்து, ஊசி?

விண்ட்ஹுக் பக்கம் மலேரியா பயமில்லை; வடகிழக்கில் காவாங்கோ, ஜாம்பேசிப் பக்கம் உண்டு. போகிற பண்ணை எங்கே என்று டாக்டரிடம் சொல்லி மாத்திரை வாங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் நீண்ட நேரம் தங்கி விமானம் மாறினால் ஊசிச் சான்று கேட்பார்கள். உண்ணிக்குப் பேன்ட் முனையைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். காட்டிலிருந்து விமானத்தில் தூக்கிக்கொண்டு வரும் வகை மருத்துவக் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள்; இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

கறி என்ன ஆகும்?

வீணாகாது. பண்ணைச் சமையலறைக்கு, வேலைக்காரர் குடும்பங்களுக்கு, கறிக்கடைக்கு, மிச்சம் பில்டாங் என்ற உப்புக்கண்டத்துக்கு. ராத்திரி விறகுக்கங்கில் வாட்டிய ஓரிக்ஸ் கறி ருசி வேறெதிலும் கிடையாது. ஆனால் நம்மால் எதையும் எடுத்து வர முடியாது. பில்டாங் ஒரு பாக்கெட் பையில் இருந்தாலும் அமெரிக்க விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

கொம்பும் தோலும் எப்போது வீடு வரும்?

மாதங்கள் ஆகும், ஒரு வருஷம் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். கால்நடை மருத்துவச் சான்று, ஏற்றுமதி அனுமதி, மலை வரிக்குதிரை மாதிரி சைட்டிஸ் (அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவற்றுக்குத் தனி அனுமதி. அமெரிக்காவில் 3-177 படிவம், குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாக மட்டும். வார்ட்ஹாக் தோலுக்கு, பன்றிகளைத் தாக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் காரணமாகக் கெடுபிடி அதிகம். 2015ல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கம் கொல்லப்பட்ட பிறகு டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூன்றுமே ‘பெரிய ஐந்து’ எனப்படும் யானை, காண்டாமிருகம், எருமை, சிங்கம், சிறுத்தை ஆகியவற்றின் உறுப்புகளை ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தன.

ஊருக்கு, அதாவது இந்தியாவுக்கு, ஒரு கொம்பைக் கொண்டுபோய் வீட்டுக் கூடத்தில் மாட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு: அந்த யோசனையே வேண்டாம். 1972ன் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, 2022 திருத்தத்தில் சைட்டிஸ் பட்டியலும் அதற்குள் வந்துவிட்டது. போட்டோவை மாட்டுங்கள்.

இது பாவமில்லையா?

என் அம்மா ஒவ்வொரு போனிலும் கேட்பது. அவருக்கு இன்னும் என்னால் திருப்தியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் கண்டதைச் சொல்கிறேன். நமீபியாவில் 1975 சட்டம் நில உரிமையாளருக்கும், 1996 திருத்தம் பொதுநிலத்து ஊர்மக்களுக்கும் வனவிலங்கிலிருந்து வருமானம் பார்க்கும் உரிமையைக் கொடுத்தன. ஊர்மக்களே வனவிலங்கைப் பராமரிக்கும் ‘கன்சர்வன்சி’ பகுதிகள் முதலில் 1998ல் பதிவாயின. இன்றைக்கு 86 இருக்கின்றன, நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வேட்டைக்காரர் கொடுக்கும் காசில் காவலாளிக்குச் சம்பளம் போகிறது. ஆட்டைத் தின்ன வரும் மிருகத்தைச் சகித்துக்கொள்ள ஊருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. இது எல்லா நாட்டிலும் இப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

கூண்டில் வளர்த்து, வேலிக்குள் திறந்துவிட்டுச் சுடும் சிங்க ‘வேட்டை’ தென்னாப்பிரிக்காவில் மலிவாகக் கிடைக்கும். அந்தக் கூண்டுச் சிங்கத் தலைகளை அமெரிக்கா 2016ல் தடுத்தது. 2018ல் பெரிய வேட்டைச் சங்கங்களே அதை எதிர்த்தன. அதற்குப் போகிறவர் என்னிடம் யோசனை கேட்க வேண்டாம்.

டிப்ஸ் யாருக்கு, எவ்வளவு?

பிஎச்சுக்கு ஒரு நாளைக்கு நூறு டாலர் என்பது அமெரிக்கர்கள் வழக்கம். தடம் பார்ப்பவர், தோலுரிப்பவர், சமையல்காரர், துணி துவைப்பவர் எல்லோருக்கும் தனித்தனிக் கவரில், அவரவர் கையில் கொடுங்கள். எவ்வளவு என்று பிஎச்சிடம் கேட்டுக்கொள்ளலாம். நான் இரண்டாம் தடவை போனபோது அந்த டமாராப் பெரியவருக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிப்போனேன். கழுத்தில் மாட்டிக்கொண்டார், அந்த வாரம் முழுக்க ஒரு தடவைகூட அதைக் கண்ணில் வைக்கவில்லை. எனக்கு முன்னால் எல்லாவற்றையும் அவர்தான் பார்த்தார்.